கண்மாய் மரம், கரி மூட்டம், ஏலச் சீட்டு

(தூத்துக்குடியில் நிகழ்த்தப்பட்ட அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் பெயரால் நடக்கும் சொற்பொழிவில் பௌத்தம் பற்றியோ இதழியல் பற்றியோ பேசுவார்கள் என்று நீங்கள் எதிர்பார்த்து வந்திருக்கலாம். நான் விறகைப் பற்றிப் பேசப் போகிறேன். விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம், ஓட்டப்பிடாரம் பக்கம் முள்மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுகிறார்களே, அந்தத் தொழிலைப் பற்றி. அதில் கையும் காலும் கிழிபடுகிற மக்களில் நம் மக்கள் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும்.

பண்டிதருக்கும் இதற்கும் என்ன தொடர்பு? இரண்டு தொடர்புகள் உண்டு. முதலாவது, அவர் ஒரு சித்த மருத்துவர். மரம், செடி, வேர், பட்டை இவற்றின் குணம் அறிந்தவர். நம்மிடம் இருந்த அறிவை அறிவு என்றே பதிவு செய்யாமல் விட்டதுதான் நமக்குச் செய்யப்பட்ட பெரிய அநியாயம் என்பதை வாழ்நாளெல்லாம் எழுதியவர். இரண்டாவது, 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று தொடங்கி 1914இல் இறக்கும்வரை நடத்திய இதழில், ஒவ்வொரு சொல்லையும் எடுத்து, இது யார் வைத்த பெயர், எதை மறைக்க வைத்த பெயர் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்த எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பக்கத்தில் இருக்கிற பாளையங்கோட்டையின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்ட பிறகுதான் நம் தலைமுறை அவரை முழுமையாகப் படித்தது. அவர் கற்றுத்தந்த அந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு மூன்று சொற்களிடம் கேட்கப் போகிறேன். கூலி, ஏலம், அகற்றல்.

மரம் வந்த வழி

முதலில் மரத்தைப் பார்ப்போம். சீமைக்கருவேலம், வேலிக்கருவை, வேலிக்காத்தான் என்று ஊருக்கு ஒரு பெயர் சொல்கிறோம். இது நம் ஊர் மரம் இல்லை. அமெரிக்கக் கண்டத்து மரம். காமராஜர் ஆட்சியில் விமானத்திலிருந்து விதை தூவினார்கள் என்று ஊர்ப்பக்கம் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். பின்னாளில் அரசு இதைப் பரப்பியது உண்மைதான். ஆனால் சென்னை மாகாணத்துக்குள் இதன் விதை வந்தது 1870களில், வெள்ளைக்காரர் ஆட்சியில், வனத்துறை அதிகாரிகள் கேட்டு வாங்கியதால். வறண்ட நிலத்தில் விறகு விளைய வேண்டும் என்பதே நோக்கம். அன்றைக்கு ரயில் வண்டி விறகு தின்றது. ஊர் அடுப்பும் விறகு தின்றது.

அதற்கு முன்பும் இங்கே மரம் இருந்தது. கடற்கரைத் தேரியில் குடை விரித்த மாதிரி நிற்கும் உடைமரம், கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலம், கரையோரம் பூவரசு, எங்கும் பனை. அவற்றை மக்கள் ஒவ்வொரு வேலைக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஏருக்கும் வண்டிக்கும் நாட்டுக் கருவேலம். வீட்டு உத்தரத்துக்கு வைரம் பாய்ந்த பனை. வேலிக்கும் அடுப்புக்கும் உடை முள்.

இந்தத் துறைமுகத்து ஆட்களுக்கு இன்னொன்றும் நினைவிருக்கும். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோன தூத்துக்குடித் தோணியின் வங்குக்கால்களுக்கு நாட்டுக் கருவேலம் பயன்பட்டது. தோணி கட்டும் ஓடாவி நேர் மரத்தைத் தேட மாட்டார். இயற்கையிலேயே வளைந்து வளர்ந்த மரத்தைத் தேடுவார். வளைந்த மரத்தை அந்த வளைவிலேயே அறுத்தால் நார் அறுபடாது, அலை அடித்தாலும் தாங்கும். எந்தக் கண்மாயில் எந்த மரம் எப்படி வளைந்து நிற்கிறது என்று அந்தக் கண்மாய்க்குள் அன்றாடம் புழங்கியவனுக்குத்தானே தெரியும்? தோணிக்கு உடையவர் பெயர் உண்டு. ஓடாவிக்குப் பெயர் உண்டு. மரத்தை வெட்டி, முள் கழித்து, வண்டியில் ஏற்றி அனுப்பியவனுக்குப் பெயர் இல்லை. அவன் கூலி.

1974இல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமாகத் திறந்தது. கப்பலில் வெளிநாட்டுத் தடி மரம் வந்து இறங்குகிறது. மேசைக்கும் நாற்காலிக்கும் கதவுக்கும் அந்த மரம். உள்ளூர் மரத்துக்கு மிஞ்சியது அடுப்பு. ஒரு காலத்தில் பல தொழிலுக்குப் பிரிந்து போன மரவேலை, இன்றைக்கு இந்தக் கரிசல் காட்டில் பெரும்பாலும் விறகு, கரி என்ற இரண்டே சரக்காகச் சுருங்கிவிட்டது. மானாவாரி வெள்ளாமை பொய்த்த ஆண்டுகளில் ஊரைக் காப்பாற்றியது இந்த இரண்டு சரக்குதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மூட்டம் என்னும் அறிவு

கூலி என்ற சொல்லுக்கு வருகிறேன். கூலி என்றால் யோசிக்கத் தேவையில்லாத வேலை, யார் வேண்டுமானாலும் செய்யலாம் என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூட்டம் போடுவது அப்படிப்பட்ட வேலையா? நகரத்திலிருந்து வந்திருக்கும் மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

விறகை எரித்தால் சாம்பல்தான் மிஞ்சும். காற்றைக் கட்டுப்படுத்தி வேக வைத்தால் கரி கிடைக்கும். மொத்தத் தொழிலும் இந்த ஒரு வித்தியாசத்தில் நிற்கிறது. வெட்டிய மரத்தைப் பருமன் வாரியாகப் பிரித்துக் குவியலாக நெருக்கி அடுக்குகிறார்கள். பெருங்கட்டையை எங்கே வைப்பது, இடுக்குகளைச் சிறு குச்சியால் எப்படி அடைப்பது என்பதற்குக் கணக்கு உண்டு. அடுக்கு நெகிழ்வாக இருந்தால் உள்ளே காற்று ஓடும். காற்று ஓடினால் தீ எரிந்து தின்றுவிடும். மேலே தழையும் வைக்கோலும் பரப்பி, அதன்மேல் ஈர மண்ணைப் பூசி மூடுகிறார்கள். தீ வைக்க ஒரு வாய், புகை போகச் சில துளைகள் மட்டும் விடுவார்கள்.

தீ வைத்தபின் மூட்டத்தின் அளவைப் பொறுத்துச் சில நாள் முதல் இரண்டு வாரம்வரை இரவு பகலாகக் காவல். முதலில் வெள்ளைப் புகை அடர்த்தியாக வரும். அது மரத்தின் ஈரம். பிறகு புகையின் நிறம் மாறி, கடைசியில் மெல்லிய நீலமாக வரும்போது உள்ளே கரி ஆகிவிட்டது என்று பொருள். அந்த நேரம் பார்த்துத் துளைகளை அடைத்து, ஆற விட வேண்டும். முந்தினால் கட்டை வேகாமல் நிற்கும். பிந்தினால் கரி சாம்பலாகும். நடுவில் மண்ணில் வெடிப்பு விழுந்தால், நடு இரவானாலும் ஏறிப்போய்ப் பூச வேண்டும். ஏறுகிறவன் காலடியில் உள்ளே கட்டை வெந்து குழிந்திருக்கலாம். கால் உள்ளே போனால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐந்து டன் விறகு போட்டால் ஏறக்குறைய ஒரு டன் கரி எடுப்பார்கள். கைத்திறன் குறைந்தால் அதுவும் குறையும். அதாவது, லாபமா நட்டமா என்பதை முடிவு செய்கிறது புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்த அந்தக் கண்கள். வேதியியல் பாடத்தில் இதைத்தான் ஆக்சிஜன் இல்லாமல் வெப்பத்தால் சிதைப்பது என்று படிக்கிறீர்கள். படித்துத் தேர்வு எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். அதையே செய்து காட்டுகிறவருக்குக் கிடைக்கும் பெயர் கூலி.

மூட்டம் பிரிக்கும்போது பெண்கள் வருகிறார்கள். கரியைக் கிளறி, தீக்கங்கு மிஞ்சியிருந்தால் தண்ணீர் தெளித்து, பெருங்கரி, சிறுகரி, தூள் என்று தரம் பிரித்து, சலித்து, சாக்கில் அடைக்கிறார்கள். புகையும் கரித்தூளும் மூச்சுக்குள் போகின்றன. முள் குத்திய கால் சீழ் வைக்கிறது. மூட்டத்தின் பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்கும் குடும்பத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. இந்தத் தொழிலின் திறமையைச் சொல்கிற வாயால் இதையும் சொல்லாவிட்டால் நான் பொய் சொன்னவன் ஆவேன்.

இங்கே சில தோழர்களுக்கு ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. உடலைத் தின்கிற இந்த வேலையைப் போற்றிப் பேசி, நம் பிள்ளைகளை மறுபடியும் கரிக்குள்ளேயே நிறுத்தப் போகிறோமா? சாதி என்பது வேலைப் பிரிவினை அல்ல, வேலை செய்கிறவர்களையே அடுக்கடுக்காகப் பிரித்து வைப்பது என்று 1936இல் அம்பேத்கர் எழுதியது நமக்கு மறக்கவில்லையே?

மறக்கவில்லை. அதனால்தான் தெளிவாகச் சொல்கிறேன். கரி மூட்டம் நம் குலத்தொழில் அல்ல. சீமைக்கருவேலம் இந்த மண்ணுக்கு வந்தே நூற்றைம்பது ஆண்டுதான் ஆகிறது. எந்தப் புராணமும் இந்த வேலையை நம் தலையில் எழுதவில்லை. நிலம் இல்லாததால் இதற்குப் போனோம். போகிறவர் எல்லோரும் தலித்துகளும் அல்லர். நிலமில்லாத பிற சாதி ஏழைகளும் பக்கத்தில் நின்று வெட்டுகிறார்கள். நம் பிள்ளைகள் இதைவிட்டு வெளியேற வேண்டும் என்றால் கல்லூரிக் கட்டணம் வேண்டும், பேருந்துச் செலவு வேண்டும், கடன் அடைபட வேண்டும். அந்தப் பணம் இந்த மரத்திலேயே இருக்கிறது. ஆனால் அது நம் கையில் நிற்காமல் போகிறது. அது எங்கே போகிறது என்பதுதான் இரண்டாவது சொல்.

ஏலம்

சீமைக்கருவேலம் எங்கே நிற்கிறது? கொஞ்சம் பட்டா நிலத்தில், பெரும்பகுதி கண்மாய், குளம், ஓடை, மேய்ச்சல் புறம்போக்கு ஆகியவற்றில். தமிழ்நாட்டில் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் நீர்வளத் துறைக்கு, முன்பு பொதுப்பணித் துறை என்றோமே, அதற்குச் சொந்தம். அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கு. கண்மாய்க்குள் நட்டு வளர்த்த நாட்டுக் கருவேலத் தோப்பு என்றால் வனத்துறை வரும். 1980களின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு உதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் வந்தபோது கண்மாய்களில் கருவேலம் நட்டார்கள்; வருமானத்தில் ஊராட்சிக்கும் பங்கு என்றார்கள். திட்டத்தின் பெயரிலேயே சமூகம் இருந்தது. நட்டவரும், தண்ணீர் ஊற்றியவரும், வெட்டியவரும் நாட்கூலிக்கு வந்தார்கள்.

மரம் வளர்ந்ததும் ஏலம். ஏலம் எல்லோருக்கும் பொது என்று சட்டம் சொல்கிறது. வைப்புத்தொகை கட்ட முடிந்த எல்லோருக்கும் பொது, அவ்வளவுதான். ஏலம் நடக்கும் நாள் யாருக்குத் தெரியும், யார் கேட்டால் மற்றவர் கேட்கக் கூடாது, ஊர்க் கட்டுப்பாடு என்ன என்பதெல்லாம் அறிவிப்பில் இருக்காது. எடுத்தவர் ஒப்பந்தக்காரர். அவர் வெட்டுக்கு ஆள் பிடிக்க முன்பணம் கொடுப்பார். வெட்டு டன் கணக்கு. எடை போடுவது அவர் ஆள். ஈரம், கழிவு என்று கழித்துக்கொள்வதும் அவர் ஆள். பண்டிகைக்கும் மருத்துவத்துக்கும் மேலும் முன்பணம் வாங்கினால் கணக்கு தீராது. கணக்கு தீராதவன் வேறு இடத்துக்கு வேலைக்குப் போக முடியாது. இதற்குச் சட்டத்தில் பெயர் கொத்தடிமை. 1976இலேயே அதை ஒழிக்கச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் 2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை அதிகாரிகள் மீட்டார்கள். இருளர் மக்கள், பிள்ளைகளோடு. காப்பாற்ற வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழுந்து கும்பிடும் படத்தை நீங்கள் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். 

கண்மாய் என்பது வெறும் தண்ணீர்த் தேக்கம் அல்ல என்பது தென்மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். மீன் குத்தகை, மரக் குத்தகை, கரம்பை மண், கரையோரப் பனை எல்லாம் அதைச் சேர்ந்த சொத்து. இந்த மாவட்டத்து உருளைக்குடியில் பிறந்த சோ. தர்மன், 2019இல் சாகித்ய அகாதெமி விருது பெற்ற ‘சூல்’ நாவலில் கண்மாயையே கதையின் நடுவில் வைத்தார். மடை திறந்து, மடை அடைத்து, கண்மாயைக் காத்த மடைக்குடும்பன் மரபு நம் மக்களுடையது. காவல் நம்முடையது, ஆயக்கட்டு மற்றவருடையது. இன்றைக்கு அதே கண்மாயில் வெட்டு நம்முடையது, ஏலச் சீட்டு மற்றவருடையது.

இந்தச் சீட்டு சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். ஊராட்சித் தலைவர் பதவி தலித்துக்கு ஒதுக்கப்பட்டால் ஏன் அவ்வளவு ஆத்திரம் வருகிறது? 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் முருகேசன் உள்ளிட்ட ஏழு பேர் ஏன் வெட்டிக் கொல்லப்பட்டார்கள்? சாதி வெறி என்பது சரியான பதில்தான். அந்த வெறிக்குள் ஊர்ப் பொதுச்சொத்தின் குத்தகையும் ஏலமும் யார் கையெழுத்தில் நடக்கும் என்ற கணக்கும் இருந்தது.

பஞ்சமி நிலத்தையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் அரசாணை வந்தது. ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று பொதுவாகச் சொல்கிறோம். முதல் பத்து ஆண்டுக்கு விற்கவே கூடாது, அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும் என்பது விதி. பறிபோனது போக மிஞ்சிய துண்டுகளில் பல, கிணறு இல்லாமல், உழ வழியில்லாமல், முள் மண்டிக் கிடக்கின்றன. முள் மண்டினால் அதற்கும் வெட்டுக் குத்தகை உண்டு. நம் நிலத்து மரத்தை இன்னொருவர் குத்தகைக்கு எடுக்க, நாம் அதில் டன் கணக்குக்கு வெட்டுகிறோம். 1994இல் காரணையில் பஞ்சமி நிலம் மீட்கப் போராடி ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தார்கள். அந்தப் போராட்டம் மண்ணுக்கு மட்டுமல்ல, மண்ணில் நிற்கும் மரத்துக்கும் சேர்த்துத்தான்.

அகற்றல்

மூன்றாவது சொல். 2017 தொடக்கத்தில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவால் சீமைக்கருவேலத்தை அகற்றும் வேலை மாவட்டந்தோறும் வேகம் பிடித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்னையில் முதல் அமர்வு அதற்கு இடைக்காலத் தடை போட்டது. 2022இல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களை அகற்றி இயற்கையை மீட்பதற்கென்று தமிழ்நாடு அரசு ஒரு கொள்கையை வெளியிட்டது. ஆக, அகற்றல் நடக்கத்தான் போகிறது.

இந்த மரம் கெடுதல் செய்கிறதா? செய்கிறது. வேர் ஆழமாக இறங்கி நீரை எடுக்கிறது. கண்மாய்க்குள் மண்டி, நீர் நிற்கும் இடத்தையும் வரத்துக் கால்வாயையும் அடைக்கிறது. பக்கத்தில் வேறு செடியை வளர விடுவதில்லை. ஆடு மாடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் விதைக்கிறது. வெட்டினால் தூரிலிருந்து மறுபடி தழைத்து மூன்று நான்கு ஆண்டில் மறு வெட்டுக்கு வந்துவிடுகிறது. கண்மாய் நம் மக்களுக்கும் வேண்டும். எனவே இந்த மரத்துக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. ஆனால் காற்றின் ஈரத்தை எல்லாம் உறிஞ்சுகிறது, நிழலில் மாடு கட்டினால் மலடாகும் என்று கைபேசியில் பரவினவே, அவற்றுக்கு ஆதாரம் இல்லை. கூடவே ஒரு மொழியும் பரவியது. அந்நியன், விஷம், கிட்டே போகாதே, வேரோடு அழி. இந்த மொழி நமக்குப் பழக்கமான மொழி. சேரியைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள்.

அதற்காக, நாமும் இந்த மரமும் ஒன்று என்று கவிதை எழுதும் தோழர்களோடு நான் உடன்படவில்லை. நாம் வந்தேறிகள் அல்லர். இந்த நாட்டின் பூர்வ குடிகள் என்பதை நிறுவத்தான் பண்டிதர் தன் எழுத்தையெல்லாம் செலவழித்தார். உவமையை விடுங்கள், கணக்கைப் பாருங்கள். ஆள் வைத்து வெட்டிய இடத்தில் ஜேசிபி வந்து ஒரே நாளில் தூரோடு பிடுங்கிவிடுகிறது. தூரில்தான் கனமான, விலையுள்ள கரி இருக்கிறது. இயந்திரத்தின் வாடகைக்கு ஈடாக மரத்தையே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. அப்போது வெட்டுக்கூலியும் போகிறது, மரமும் போகிறது. எரிவாயு உருளை வாங்க முடியாத வீட்டுப் பெண்ணுக்கு அடுப்பு விறகும் போகிறது. கண்மாய் சுத்தமாகும். அதன் நீர் யார் வயலுக்குப் பாயும்? ஆயக்கட்டில் நிலம் உள்ளவருக்கு. அகற்றலின் நன்மை ஒரு தெருவுக்கும் அதன் நட்டம் இன்னொரு தெருவுக்கும் போகிறது என்றால், அதைச் சுற்றுச்சூழல் என்ற ஒரு சொல்லால் மட்டும் மூடிவிட முடியாது.

ஆகவே, மரம் இருக்கலாமா கூடாதா என்ற பட்டிமன்றத்தில் நாம் எந்தப் பக்கமும் உட்கார வேண்டாம். வெட்டத்தான் போகிறீர்கள்; வெட்டும் உரிமை யார் பேரில்? நாம் கேட்க வேண்டியது இது.

முன்பு நடந்திருக்கிறது

இது கனவு என்று யாராவது சொன்னால் இரண்டு ஊர்களைக் காட்டுங்கள்.

ஒன்று, நம் புதுக்கோட்டை. 1990களின் தொடக்கத்தில் அங்கே அரசுக் கல்குவாரிகள் உழைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. அவர்களில் பலர் தலித் பெண்கள். அதே குவாரிகளில் ஒப்பந்தக்காரரிடம் கொத்தடிமையாகக் கல் உடைத்தவர்கள். அறிவொளி இயக்கத்தில் எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்ற அதே காலம். கணக்கு நோட்டை அவர்களே எழுதினார்கள். கையில் காசு நின்றது, பிள்ளைகள் பள்ளிக்குப் போனார்கள். பி. சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். பழைய ஒப்பந்தக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, குத்தகையைத் திரும்பப் பிடிக்க எல்லா வழியிலும் முயன்றார்கள் என்பதையும் எழுதியிருக்கிறார். பெண்களுக்குத் திறமை போதாமல் வந்த சிக்கல் அல்ல அது. ஒரு நல்ல ஆட்சியர் இருந்தவரை கிடைத்தது உரிமையாக எழுதப்படாமல் சலுகையாக நின்றுபோனால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம்.

இன்னொன்று, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மெண்டா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊர். 2006 வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன மகசூல் என்றது. 1927 வனச் சட்டம் மூங்கிலை மரம் என்றது. மரம் என்றால் வனத்துறைக்கு, மகசூல் என்றால் மக்களுக்கு. ஒரு சொல்லில் இருந்தது ஊரின் வருமானம். விடாமல் போராடி, 2011 ஏப்ரலில் மூங்கிலைக் கொண்டுசெல்லும் அனுமதிச் சீட்டுப் புத்தகம் கிராம சபையின் கைக்கே வந்தது. அதன்பின் அந்த ஊரே மூங்கிலை வெட்டி, ஊரே விற்று, ஊர்க் கணக்கில் பணம் போட்டது. நம் கண்மாய் அந்தச் சட்டத்துக்குள் வரும் காடு அல்ல. அந்தச் சட்டத்தை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. ஆனால் சீட்டுப் புத்தகம் உழைப்பவர் கைக்கு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

என்ன கேட்பது, எப்படித் தொடங்குவது

தோழர்களே, கைதட்டிவிட்டுக் கலைவதற்காக நாம் கூடவில்லை. ஆறு மாதத்தில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

முதல் வேலை மாணவர்களுக்கு. ஆளுக்கு ஒரு ஊராட்சி எடுத்துக்கொள்ளுங்கள். 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனு போடுங்கள். கடந்த ஐந்து ஆண்டில் அந்த ஊராட்சிக் கண்மாய்களில் மரம் எத்தனை முறை ஏலம் போனது, வைப்புத்தொகை எவ்வளவு, கேட்டவர் எத்தனை பேர், எடுத்தவர் யார், அறிவிப்பு எங்கே ஒட்டப்பட்டது? பதில் வந்ததும், ஒரு டன் விறகுக்கு வெட்டுக்கூலி எவ்வளவு, ஒரு மூட்டை கரி மூட்டத்தடியில் என்ன விலை, கிட்டங்கியில் என்ன விலை என்று மக்களிடம் கேட்டுப் பக்கத்தில் எழுதுங்கள். அந்த ஒரு தாள், நான் இங்கே ஒரு மணி நேரம் பேசியதைவிடக் கனமாக இருக்கும்.

இரண்டாவது, கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. கண்மாய் மரத்தை வெட்டும் உரிமை அந்த ஊரின் நிலமற்ற வெட்டுத் தொழிலாளர் குழுவுக்கு, பெண்களைக் கொண்ட குழுவுக்கு, முதலில் தரப்பட வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றால் மட்டுமே வெளி ஏலம் என்று தீர்மானம் கொண்டுவாருங்கள். தோற்கலாம். தோற்றாலும் தீர்மானப் புத்தகத்தில் நம் கோரிக்கை பதிவாக வேண்டும் என்று நின்று எழுத வையுங்கள்.

மூன்றாவது, முதல். வைப்புத்தொகைக்குப் பணம் எங்கே என்பார்கள். 1974இல் தொடங்கிய தாட்கோ நம் மக்களின் தொழிலுக்குக் கடன் தருவதற்காகவே இருக்கிறது. ஆட்டுக்கும் ஆட்டோவுக்கும் கிடைக்கிற கடன் மரக் குத்தகைக்கும் எடை மேடைக்கும் ஏன் கிடைக்கக் கூடாது? கூட்டாகக் கேளுங்கள். எடை மேடை நம்முடையதாக இருந்தால் பாதிச் சுரண்டல் அங்கேயே நிற்கும்.

நான்காவது, வெட்டிய பிறகு. தூர் எடுத்த இடத்தில் நாட்டுக் கருவேலமும் புங்கையும் பூவரசும் பனையும் நடுகிற வேலையும், அந்த மரங்களின் நாளைய பலனும் அதே குழுவின் பேரில் எழுதப்பட வேண்டும். கண்மாய்க்கு உள்ளே எவ்வளவு, கரையில் எவ்வளவு என்று நீருக்கு இடைஞ்சல் இல்லாமல் அளந்து நடலாம். கரியோடு நின்றுபோன மரத்தொழில் அப்போதுதான் ஏர்க்காலுக்கும் கதவு நிலைக்கும் கைவினைக்கும் விரியும். மணப்பாட்டில் பனையோலையைப் பெண்கள் கூட்டுறவாக முடைந்து விற்றுக் காட்டியிருக்கிறார்கள். ஓலையில் முடிந்தது மரத்திலும் முடியும்.

ஐந்தாவது, பஞ்சமி நிலம். உங்கள் ஊர்ப் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்ணைத் தேடும்போது, அதில் இன்று என்ன நிற்கிறது என்பதையும் எழுதுங்கள். மரம் நின்றால், அதை யார் வெட்டி விற்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

எழுத்தாளத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளரின் வாழ்வை ராஜம் கிருஷ்ணன் 1979இல் ‘கரிப்பு மணிகள்’ என்று நாவலாக்கினார். அதே ஆண்டு பூமணியின் ‘பிறகு’ கரிசல் காட்டுச் சக்கிலியக் குடியின் வாழ்வை எழுதியது. பொறுக்கப்போன பனங்கருக்கு உடம்பைக் கிழித்த அனுபவத்திலிருந்துதான் பாமா 1992இல் தன் நூலுக்கே ‘கருக்கு’ என்று பெயர் வைத்தார். விறகு நம் இலக்கியத்துக்கு அந்நியமல்ல. மூட்டத்தின்மேல் நடு இரவில் ஏறி வெடிப்பை மண் பூசி அடைக்கிறவனையும், சாக்குத் தைத்துக்கொண்டே கணக்கு போடுகிறவளையும் உங்களில் ஒருவர் முழு நாவலாக எழுத வேண்டும். இரக்கத்தோடு வேண்டாம், மரியாதையோடு எழுதுங்கள். வெட்டு, அடுக்கு, புகை, பதம் இவற்றுக்கு அந்த மக்களிடம் இருக்கும் சொற்களை அவர்கள் வாயால் கேட்டுத் தொகுக்க வேண்டும். கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குக்கு அகராதி போட்டார். கரி வழக்குக்கு நாம் போடுவோம்.

கோடாலிக் காம்பு குலத்துக்குக் கேடு என்று ஒரு பழமொழி உண்டு. மரத்தை வெட்டும் காம்பும் மரம்தான் என்பதால் அப்படிச் சொன்னார்கள். காம்பு என்ன செய்யும் தோழர்களே? அதைப் பிடித்திருக்கும் கை யாருக்காக வெட்டுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. இத்தனை காலம் அந்தக் கை நம்முடையது, கணக்கு அவர்களுடையது. கணக்கு நோட்டையும் நம் கைக்கு மாற்றுவோம். அடுத்த ஆண்டு இதே நிகழ்வுக்கு வரும்போது ஆளுக்கு ஓர் ஊராட்சியின் ஏலக் கணக்கைக் கையில் கொண்டு வாருங்கள். அது பண்டிதருக்கு நாம் செலுத்தும் அஞ்சலியாக இருக்கட்டும்.